டார்லோவ் நீர்க்கட்டி இருந்தால் மலக்கட்டுப்பாடு போய்விடுமா?

அண்ணே, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் டார்லோவ் நீர்க்கட்டி என்று வந்தால் கொஞ்ச நாளில் மலத்தை அடக்க முடியாமல் போய்விடும், உடனே ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இங்கே பினாங்கில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இதே பேச்சுதான், அதனால் சொல்கிறேன், அது சரியில்லை.

1938-இல் இசடோர் டார்லோவ் விவரித்த இந்தக் கட்டி, முதுகுத்தண்டின் அடியில் நரம்பு வேரைச் சுற்றி நீர் சேர்ந்து உண்டாகும் சின்னப் பை. பெரும்பாலும் இடுப்பு வலிக்கோ வேறு எதற்கோ படம் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும், முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தொந்தரவும் தராது. சரி, பயம் எங்கிருந்து வந்தது? மலத்தையும் சிறுநீரையும் அடக்கும் நரம்புகள் எஸ்2, எஸ்3, எஸ்4 என்று எண்ணிட்ட, முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்பு வேர்களிலிருந்து வருகின்றன, கட்டியும் அதிகம் எஸ்2, எஸ்3 பக்கம்தான் இருக்கும். பெரிதாகி அழுத்தினால் பாதிப்பு வரலாம், உண்மைதான், ஆனால் அரிது.

நீங்களே பார்க்கலாம். ரிப்போர்ட்டில் எந்த மட்டம் (எஸ்2, எஸ்3 என்பது போல), எத்தனை மில்லிமீட்டர், நரம்பை அழுத்துகிறதா என்று தேடுங்கள். என் பெரியம்மா ரிப்போர்ட்டில் கடைசி வரியில் '9 மி.மீ., தற்செயலாகக் கண்டது' என்ற அளவில்தான் இருந்தது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இணையதளத்தில் கட்டியின் பெயரைப் போட்டாலும் கட்டுரைச் சுருக்கங்களை இலவசமாகவே படிக்கலாம்.

அப்புறம், உட்காரும் இடம் திடீரென மரத்து, மலமோ சிறுநீரோ கட்டுப்பாடு இழந்தால், கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.