குளிச்சிட்டு உள்ள வாங்க

(சிம்மக்கல் டீக்கடை. பாரிசில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்த ராமையா போனை நீட்டுகிறார். ஈஃபில் கோபுரத்தைப் பற்றி மனுஷர் இதுவரை வாயே திறக்கவில்லை.)

சோணைமுத்து: எந்த ஊரு பார்க்குண்ணே இது? மரமும் நெழலுமா நல்லாருக்கே.

ராமையா: பார்க் இல்லப்பா, கல்லறை. பெர் லாஷேஸ்னு பேரு.

சோணைமுத்து: (போனைப் பொத்தென்று பெஞ்சில் வைத்து) பிளேன் ஏறிப் போயி சுடுகாட்டயா பாத்தீக? தத்தனேரிக்கு ஷேர் ஆட்டோ போதுமேண்ணே!

ராமையா: 1804-ல தொறந்ததுப்பா. நூறு ஏக்கருக்கு மேல. நம்ம தெப்பக்குளத்த நாலஞ்சு உள்ள வச்சிரலாம். ஆனா ஊருக்கு ஒதுக்குப்புறமா இருக்குன்னு மொதல்ல ஆளுக அங்க பொதைக்க வரத் தயங்குனாக. 1817-ல மோலியேர்னு பெரிய நாடகக்காரரு, செத்தே நூத்தி நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, அவரு எலும்புன்னு எடுத்தாந்து வச்சாக. அப்புறம் பாரு, எனக்கு எடம் ஒனக்கு எடம்னு போட்டி.

சோணைமுத்து: நகைக்கடை தொறக்க நடிகையக் கூட்டியார மாதிரி. என்ன, இவரு கையாட்ட மாட்டாரு.

ராமையா: ஷோப்பன்னு ஒருத்தரு, பியானோ வாசிக்கிறவரு. ஒடம்பு இங்க, இருதயம் மட்டும் போலந்துல ஒரு சர்ச்சுத் தூணுக்குள்ள.

சோணைமுத்து: அப்ப திதி எந்த ஊர்லண்ணே குடுப்பாக?

ராமையா: அதக் கேளு, ஆஸ்கர் வைல்டுன்னு ஒரு எழுத்தாளரு, அவரு கல்லறையில பாக்க வர்றவுக லிப்ஸ்டிக்கோட முத்தம் குடுத்துக் குடுத்து, அந்தக் கொழுப்பு எறங்கிக் கல்லே கெட்டுப்போச்சு. 2011-ல கண்ணாடித் தடுப்பு வச்சிட்டாக.

சோணைமுத்து: கொழுப்புத்தாண்ணே! சரி, போயிட்டு வந்து தலைக்குக் குளிச்சீகளா?

ராமையா: அந்தக் கொடுமைய ஏன் கேக்குற. மூணாவது மாடி. உன் மதினி கதவ மறிச்சுக்கிட்டு, "குளிச்சிட்டு உள்ள வாங்க"ங்கிறா. பாத்ரூமே உள்ளதானப்பா இருக்கு! பின்கட்டு இருக்கா, அடிபம்பு இருக்கா?

சோணைமுத்து: அப்புறம்?

ராமையா: மாடிப்படியில நிக்க வச்சுத் தலையில ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி. வெளிய பனி. எதுத்த வீட்டு வெள்ளக்காரம்மா எட்டிப் பாத்துச்சு. ஞானஸ்நானம்னு நெனச்சிருச்சு போல, சிலுவ போட்டுக்கிட்டுக் கதவச் சாத்திருச்சு.

(சோணைமுத்து சிரிக்கவில்லை. பெஞ்சில் கிடக்கும் போனைப் பார்க்கிறார். தன் ஆள்காட்டி விரலைப் பார்க்கிறார்.)

சோணைமுத்து: அண்ணே... ஒவ்வொரு போட்டாவையும் இந்த வெரலாலதான் தள்ளித் தள்ளிப் பாத்தேன். இப்ப நான் வீட்டுக்குள்ள போகலாமா?