பூட்டை வெட்டுவதற்கு முன் ஒரு போன் செய்திருக்கலாம்

அந்த ஏல வீடியோவைப் பற்றி நான்கு வரி எழுதியதற்கே இரண்டு நாளாக என் பக்கத்தில் எனக்குப் பாடம் நடக்கிறது. வீடியோவின் லிங்கை மறுபடியும் இங்கே போடப்போவதில்லை. பார்க்காதவர்கள் பார்க்காமலே இருக்கலாம், பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மாத வாடகைக்கு எடுத்துச் சாமான் வைத்துப் பூட்டும் அறையான ஸ்டோரேஜ் யூனிட் ஒன்றை, வாடகை பாக்கிக்காக நிறுவனம் விட்ட ஏலத்தில் எடுத்தவர் யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகக் கேமராவுக்குக் காட்டிச் சிரித்ததையும், அந்த ஆல்பத்துக்குச் சொந்தமான பெண்ணே கீழே வந்து, ‘நான் மருத்துவமனையில் இருந்தேன், எனக்கு எந்த நோட்டீசும் வரவில்லை, படங்களை மட்டுமாவது திருப்பித் தாருங்கள்’ என்று எழுதியதையும், அதற்கு அவர் வாங்கிக்கொண்ட பதில்களையும்தான் சொல்கிறேன். ‘வாடகையைக் கட்டியிருந்தால் படம் பத்திரமாக இருந்திருக்கும்’ என்ற பதிலுக்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் எனக்குத் தெரிந்த இரண்டு பேருடையதும் இருந்தன. பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

சுருக்கமாகச் சொன்னது விளங்கவில்லை போலிருக்கிறது, எனவே விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வாடகை பாக்கி என்பது கடன். கடன்பட்டவர் அதைக் கட்ட வேண்டும். நிறுவனம் அதைக் கேட்டு வாங்கலாம். கதவுக்கு மேல் இன்னொரு பூட்டுப் போடலாம், தாமதக் கட்டணம் விதிக்கலாம், பாக்கி தீரும்வரை ஒரு சாமானைக்கூட வெளியே எடுக்க விடாமல் தடுக்கலாம், வழக்கும் போடலாம். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொருவருடைய பொருளை விற்பது கடைசிப் படி. விற்றது திரும்பி வராது. அந்தப் படியில் கால் வைப்பதற்கு முன் பொருளுக்கு உரியவரிடம் விஷயம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் பெண்ணின் ஆல்பம் விழுந்து கிடக்கிறது.

‘எந்த உலகத்தில் இருக்கிறீர்கள்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். சட்டம் உள்ள உலகத்தில்தான் ஐயா. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூலி கொடுக்கும்வரை பட்டை தீட்டிய வைரத்தைத் தராமல் வைத்துக்கொள்ளும் உரிமை நகைத் தொழிலாளிக்கு உண்டு என்று அதன் 170ஆவது பிரிவு உதாரணத்தோடு சொல்கிறது. வைத்துக்கொள்ளலாம் என்கிறதே தவிர, விற்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அடகு பிடித்தவருக்கு விற்கும் உரிமையைத் தரும் 176ஆவது பிரிவோ, நியாயமான முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் விற்க வேண்டும், கடன் போக மிஞ்சியதை அடகு வைத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று கையைக் கட்டிவிடுகிறது. இங்கிலாந்தில் 1977இல் வந்த சட்டப்படி, எடுத்துச் செல்லாத பொருளை விற்க நினைப்பவர், அதன்மேல் பாக்கி இருந்தால் குறைந்தது மூன்று மாத அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள் என்பது தனிக்கதை.

இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்த அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இதற்கென்றே சட்டம் வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் வாடகை தொடர்ந்து 14 நாள் நின்றால் நிறுவனம் முதல் அறிவிப்பை அனுப்பலாம். பணம் வராவிட்டால் அடுத்து ஏல அறிவிப்பு வரும். அந்த ஏல அறிவிப்போடு ஓர் எதிர்ப்புப் படிவத்தையும் சேர்த்து அனுப்பியாக வேண்டும். வாடகைதாரர் அதில் கையெழுத்திட்டுக் குறித்த நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட்டால் ஏலம் நின்றுவிடும், நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தன் உரிமையைக் கேட்க வேண்டும். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் தாள் கைக்கு வந்தால்தானே கையெழுத்து? அதே நாட்டில் ராணுவப் பணியில் இருப்பவரின் பொருளை, பணிக்காலத்திலும் அது முடிந்து 90 நாள் வரையிலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இப்படி விற்கக் கூடாது என்று மத்திய அரசின் சட்டமே இருக்கிறது. எங்கோ தொலைவில் இருப்பவரால் தபாலைப் பார்க்கவும் முடியாது, ஓடி வந்து பணம் கட்டவும் முடியாது என்பது சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது. மருத்துவமனைக் கட்டிலும் தொலைவுதான் என்பது மட்டும் இன்னும் யாருக்கும் புரியவில்லை.

இது புதிய சண்டையும் அல்ல. 1973இல் நியூயார்க் மாநிலத்தில் ஷெர்லி ப்ரூக்ஸ் என்ற பெண்மணி குடும்பத்தோடு வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, அவருடைய சாமான்கள் ஒரு கிடங்குக்குப் போயின. கட்டணம் பற்றிய தகராறுகளுக்குப் பிறகு, பத்து நாளில் கணக்கைத் தீர்க்காவிட்டால் சாமான்கள் விற்கப்படும் என்று அவருக்குக் கடிதம் வந்தது. அவர் வழக்குப் போட்டார். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1978இல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம் என்று அவருக்கு எதிராக முடிந்தது. விற்பது தனியார் நிறுவனம், அரசு அல்ல. ஆகவே விற்பதற்கு முன் விசாரணை வேண்டும் என்று அரசியலமைப்பைக் காட்டிக் கேட்க முடியாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் நிலை. சட்டப் புத்தகத்தில் அது சரியாகவே இருக்கலாம், நான் வக்கீல் இல்லை. ஆனால் உங்கள் நாற்காலியை அரசாங்கம் எடுக்க வந்தால் உங்களைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், கிடங்குக்காரர் உங்கள் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் விற்க ஒரு கடிதம் போதும் என்றால், எங்கோ இடிக்கிறது.

என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது வேறொன்று. இந்த நிறுவனங்களின் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் வாடகைக்கு விடுவது வெறும் இடத்தைத்தான், பூட்டும் உங்களுடையது சாவியும் உங்களுடையது, மழைநீர் புகுந்தாலோ எலி கடித்தாலோ தீப்பிடித்தாலோ நாங்கள் பொறுப்பல்ல என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதே ஒப்பந்தத்தின் இன்னொரு மூலையில், வாடகை தவறினால் உள்ளே இருக்கும் அத்தனையின் மீதும் எங்களுக்கு உரிமை உண்டு என்று இருக்கும். பொருள் நனைந்தால் அது யாருடையதோ, வாடகை நின்றால் அது அவர்களுடையது. விற்கும் முறையையும் பார்த்தோமே. பூட்டை வெட்டி, கதவைத் தூக்கி, வாசலில் நின்றபடி நான்கு படம் எடுத்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பது குளிர்பதனப் பெட்டியா, இறந்துபோன ஒருவரின் கடிதக் கட்டா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாம் ஒரே குவியல், குவியலுக்கு ஒரே விலை. சொந்தத் தாள்களையும் படங்களையும் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்படி ஏலம் எடுப்பவர்களைப் பல நிறுவனங்கள் கேட்டுக்கொள்கின்றன. கேட்டுக்கொள்வதோடு சரி. அந்த வீடியோவில் ஆல்பம் எங்கே போனது என்று நாம் எல்லோரும் பார்த்தோம்.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் விட்டால், ‘இவருக்கு ஏன் இவ்வளவு சூடு?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடைக்காது. என் அப்பா வாட்ச் ரிப்பேர் செய்தவர். அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது, எதை வைத்துக்கொள்வது எதைக் கொடுத்துவிடுவது என்று அக்காவும் நானும் முடிவெடுக்க முடியாமல், எல்லாவற்றையும் ஒரு ஸ்டோரேஜ் யூனிட்டில், என் பெயரில் வைத்தோம். அதில் அப்பாவின் மேஜையும் இருந்தது. மேஜை இழுப்பறையில் முப்பது நாற்பது சின்னத் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் ஒட்டிய தாளில் நீல மையில் அவர் கையெழுத்து: ‘செகண்ட் முள்’, ‘கண்ணாடி - லேடீஸ்’, ‘ஸ்க்ரூ - பொடி’. ஒரு டப்பாவில் மட்டும், ‘உதவாது, இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அக்கா அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

வாடகையை மாதா மாதம் கார்டிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் அப்படியே போனது. பிறகு வங்கி என் கார்டை மாற்றியது, நான் வேலையை மாற்றினேன், வீட்டையும் மாற்றினேன். நிறுவனத்தின் நோட்டீஸ்கள் என் பழைய அலுவலக மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. அந்த முகவரியை நான் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. தப்புதான், ஒப்புக்கொள்கிறேன், பலமுறை ஒப்புக்கொண்டும் விட்டேன். ஆனால் கைபேசி எண்ணை மாற்றிக் கொடுத்திருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் என் கண் முன்னால் அதைத் தட்டச்சு செய்து, சரிதானா என்று திரும்பச் சொல்லியும் காட்டினார். அந்த எண்ணுக்கு ஓர் அழைப்புகூட வரவில்லை. ஒரு குறுஞ்செய்தியும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கதவில் வேறு யாருடைய பூட்டோ தொங்கியது. யூனிட்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டும் ஆகிவிட்டது.

‘முக்கியமான பொருளை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தாய்?’ என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நேற்று அதைக் கேட்டவர் என் மதிப்புக்குரியவர். வீட்டில் இடம் இருப்பவர்கள் யாரும் ஸ்டோரேஜ் தேடிப் போவதில்லை. வீடு மாறுகிறவர்கள், பிரிந்து போகிறவர்கள், வேலை போய்ச் சின்ன அறைக்கு ஒதுங்குகிறவர்கள், யாரையோ இழந்துவிட்டு அவருடைய சட்டையை எடுக்கவும் முடியாமல் எறியவும் முடியாமல் நிற்கிறவர்கள், இவர்களில் எத்தனை பேர் அங்கே வருகிறார்கள் என்று அந்தக் கவுன்டரில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். வாழ்க்கை தடுமாறும் நேரத்தில்தான் முகவரி மாறும், கார்டு மாறும், ஒரு மாத வாடகை தவறும். அந்த நேரத்தையே வைத்துப் பிழைக்கும் ஒரு தொழில், தன் வாடிக்கையாளரின் முகவரி மாறியிருக்கலாம் என்று யோசிக்கவே இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். இதற்கு மேலும் ‘ஏன் வைத்தாய்’ என்றால், என்னிடம் பதில் இல்லை. அக்காவும் இதைத்தான் கேட்டாள்.

‘படிக்காமல் கையெழுத்துப் போட்டது யார்?’ நான்தான். நீங்கள் உங்கள் கைபேசியில் ஏற்றிய செயலிகளின் விதிகளையெல்லாம் படித்துவிட்டுத்தானே ஒப்புக்கொண்டீர்கள்?

‘நிறுவனம் என்ன தர்ம சத்திரமா? காலி செய்யாத யூனிட்டை எத்தனை மாதம் சும்மா வைத்திருக்கும்?’ என்பதில் நியாயம் இருக்கிறது. சாமானை விட்டுவிட்டு மறைந்தே போகிறவர்களும் உண்டு. அவர்களுடைய பழைய மெத்தையை நிறுவனம் ஆயுளுக்கும் காவல் காக்க வேண்டியதில்லை. ஆகவேதான் விற்காதே என்று நான் சொல்லவில்லை, உரியவரைத் தேடிவிட்டு வில் என்கிறேன். மின்னஞ்சல் திரும்பி வந்தால் போன் செய்யுங்கள், போன் எடுக்காவிட்டால் அவசரத் தொடர்புக்கு என்று படிவத்தில் எழுதி வாங்கினீர்களே, அந்த எண்ணை அழையுங்கள். என் படிவத்தில் அந்த இடத்தில் அக்காவின் எண் இருந்தது. அவளுடைய எண் இருபது வருடமாக மாறவில்லை. விற்பதாக இருந்தாலும் படங்களையும் தாள்களையும் ஓர் அட்டைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு மற்றதை விற்கலாம். அந்தப் பெட்டி பிடிக்கும் இடம் ஒரு நாற்காலி அளவுகூட இருக்காது. இதனால் எல்லோருக்கும் வாடகை ஏறும் என்று பயமுறுத்தியவருக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரு போன் அழைப்பின் செலவில் ஏறும் வாடகை எவ்வளவோ, அதை நான் தருகிறேன்.

இவ்வளவு எழுதிய பிறகும், ‘தப்பு உன்னுடையதுதானே?’ என்று யாராவது கேட்பீர்கள். பாக்கிக்குத் தண்டனையாக மேஜையை எடுத்துக்கொண்டார்கள் என்றால்கூட என்னால் ஜீரணிக்க முடியும். அந்த டப்பாக்களை எடுத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள்? யாருக்கும் ஒரு காசுகூடப் பெறாத பொருள் அது. ஏலம் எடுத்தவர் மேஜையைக் காலி செய்வதற்காக இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டியிருப்பார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. அவருக்கு என்ன தெரியும்? அந்த வீடியோக்காரர் ஆல்பத்தைத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த இழுப்பறை கவிழும் சத்தம்தான் கேட்டது. சிரிப்புக் குறி போட்ட நண்பர்களுக்கு அது கேட்டிருக்காது, கேட்க வேண்டும் என்றும் இல்லை.

ஏலத்தில் கிடைத்த பணம் பாக்கிக்கும் தாமதக் கட்டணத்துக்கும் போதவில்லையாம். மீதியைக் கட்டச் சொல்லி, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்த அதே வாரம் குறுஞ்செய்தி வந்தது. கவுன்டரில் மாற்றிக் கொடுத்த அந்த எண்ணுக்கு, ஒரு இலக்கம்கூடப் பிசகாமல் வந்தது. கட்டிவிட்டேன், ரசீதும் அதே எண்ணுக்கே வந்தது.