அரைப் பேர்கூட இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில், நம் பிள்ளைகள் மூவர் செய்த கேமுக்கான நிகழ்ச்சியில், பேனரில் அவர்கள் பேரே இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘அது பார்ட்னர்ஷிப், அதில் செய்தவர் பேரெல்லாம் போட மாட்டார்கள்’ என்று நேற்று ஒருவர் விளக்கம் சொன்ன பிறகு முடியவில்லை.

பார்ட்னர்ஷிப் என்றால் முதலில் பேர் போட வேண்டும். கொன்சோல் கொம்பனிக்கு வெளியே இருந்து கேம் செய்யும் ஸ்டூடியோக்கள் பிறந்த கதையே அதுதான். அட்டாரி என்ற கொன்சோல் கொம்பனியில் கேம் செய்துகொண்டிருந்த நால்வர், பேரும் இல்லை, விற்பனையில் பங்கும் இல்லை என்று மனம் வெறுத்து வெளியேறினார்கள். 1979இல் அக்டிவிஷன் அப்படித்தான் உருவானது. அதன் கையேடுகளில் கேம் செய்தவரின் படமே வந்தது. அதே அட்டாரியில் வொரன் ரொபினெட் தன் பேரைக் கேமுக்குள் ஒரு ரகசிய அறையில் ஒளித்து வைத்தார். பேருக்காக ஒரு மனிதன் அவ்வளவு தூரம் போயிருக்கிறான்.

‘பணம் போட்டவர் பேர்தானே வரும்?’ என்பீர்கள். 2002இல் வந்த ராச்செட் அண்ட் கிளாங்க், இன்சோம்னியாக் என்ற வெளி ஸ்டூடியோ சோனிக்காகச் செய்த கேம். உரிமையும் சோனிக்குத்தான். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டியில் இன்சோம்னியாக் என்ற பேர் இருந்தது. அந்தப் பேரோடுதான் அவர்கள் வளர்ந்தார்கள். 2019இல் அதே சோனி 229 மில்லியன் டொலர் கொடுத்து அந்த ஸ்டூடியோவை வாங்கியது. பயோனெட்டா 2 என்ற கேமுக்குப் பணம் போட்ட நிண்டெண்டோவும் அதைச் செய்த பிளாட்டினம் கேம்ஸ் பேரை அழிக்கவில்லை.

‘பிள்ளைகளுக்கு லெப்டொப் கொடுத்தார்களே?’ கொன்சோல் கொம்பனிகளும்தான் கேம் செய்வதற்கான கருவியை, டெவ்கிட்டை, ஸ்டூடியோக்களுக்குக் கொடுக்கின்றன. தேயிலைச் செடியை வெட்டிவிடக் கவ்வாத்துக் கத்தி கொடுத்ததால் மலை முழுக்கத் தோட்டத் துரையே கவ்வாத்து வெட்டினார் என்றா சொல்வோம்?

என் அப்பாயி கொழுந்து எடுத்தவள். நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். அன்றைக்கு லயத்துக்கு வந்து, இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்காவது தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் அரைப் பேர் விழுந்தது. எட்டு மாதம் இராத் தூக்கம் கெட்டு உழைத்த நம் மூன்று பிள்ளைகளுக்கு அதுவும் இல்லையா?

அதில் ஒருவன் என்னிடம் படித்தவன். அவன் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பேனரை மேலிருந்து கீழே இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, “எங்க தம்பி பேரு எங்க சேர் இருக்கு?” என்றார். நான் வாய் திறக்கவில்லை.

பேனர் போனால் போகட்டும். கேம் இன்னும் இருக்கிறது. திறந்ததும் வரும் முதல் திரையில் அந்த மூவரின் பேரையும் போடுங்கள். முழுப் பேராக.