ஊக்க உரை போதும், பஸ் செலவுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

படித்து முடித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் அறிவுரை சொல்லலாம் என்று சட்டம் ஏதும் இருக்கிறதோ என்னவோ. அதிகாலையில் எழுந்திரு, கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று சொல், சோர்வாகப் பேசுகிறவர்களிடமிருந்து விலகு என்று கோட் அணிந்தவர்கள் கைபேசித் திரையில் வந்து முழங்கிவிட்டுப் போகிறார்கள். அதிகாலையில் எழுவதைப் பற்றி எங்கள் வடசென்னைப் பக்கத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் அந்தப் பேச்சாளர் நல்ல உறக்கத்தில் இருப்பார். அந்த ஏலத்துக்குக் கூடையோடு போகும் அம்மாக்களின் பிள்ளைகள்தான் இங்கே பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மன உறுதி எங்களிடம் வேண்டிய அளவு இருக்கிறது. அதைத் தேய்ப்பவை சில உண்டு. அவற்றைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

முதலில் காசு. நான் பி.காம். முடித்தவள், வீடு தண்டையார்பேட்டையில். நேர்காணல் என்றாலே பெரும்பாலும் நகரத்தின் தெற்கே, ஐ.டி. நிறுவனங்கள் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலைதான். சோழிங்கநல்லூரில் காலை ஒன்பதரைக்கு வரச் சொல்வார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்பது வீட்டிலிருந்து காசு கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் நேர்காணல் அன்று அந்தப் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்து, திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போய்ச் சேரும்போது, இஸ்திரி போட்ட சுடிதார் துவைத்துப் பிழிந்ததுபோல் ஆகியிருக்கும். ஜெராக்ஸ், புகைப்படம், மதியச் சாப்பாடு எல்லாம் தனிக் கணக்கு. என் தம்பியைப் போன்ற ஆண் பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணமும் சேரும். அவ்வளவு தூரம் போனவளிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, "தகவல் சொல்கிறோம்" என்பார்கள். அந்தத் தகவல் வருவதே இல்லை.

நிராகரிப்பைத் தாங்கிவிடலாம். பதிலே இல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அன்றிரவு அழுதுவிட்டு மறுநாள் அடுத்த விண்ணப்பத்தைப் பார்க்கலாம். பதில் வராதபோது, கைபேசி அடிக்கும் ஒவ்வொரு முறையும் வீடே திரும்பிப் பார்க்கிறது. அதுவோ கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பாக இருக்கும்.

அடுத்தது முகவரி. என் தோழி வியாசர்பாடியில் இருக்கிறாள், விண்ணப்பத்தில் பெரம்பூர் என்று எழுதுகிறாள். முன்பு ஓர் அலுவலகத்தில், "அந்த ஏரியாவா? இரவுப் பணி முடிந்து பத்திரமாக வீடு போய்விடுவீர்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். அவள் பிறந்து வளர்ந்த தெரு அது. அங்கே போய்ச் சேர இவர்கள் கவலைப்படுகிறார்கள்! ஊரை மறைக்கலாமா என்று அவளைக் கண்டித்த அண்ணன்மார்களை எனக்குத் தெரியும். நான் கண்டிக்கமாட்டேன். முதல் சம்பளம் வந்த பிறகு அவள் தன் தெருப் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

இந்த நகரத்துக்கே வேலை என்றால் வடக்கு என்றிருந்த காலம் ஒன்று உண்டு. பெரம்பூர் பக்கம் பின்னி மில், 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் இந்த மில் தொழிலாளர்களிடையேதான். என் தாத்தா பின்னி மில்லில் இருந்தவர். அவருடைய மாமா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினார், வேலை கிடைத்தது என்பார். மில் 1996-இல் மூடப்பட்டுவிட்டது. எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக இன்று எந்த மாமாவும் இல்லை. இப்போது தொழிற்சாலை வாசலில் விசாரித்தால், 'இணையதளத்தில் போடும்மா' என்கிறார் காவலாளி. அவரும் ஒப்பந்தத் தொழிலாளிதான்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து ஆண்டு காத்திருந்தால், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகாத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. பொறியியல் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. ஐந்து ஆண்டு வேலையின்றி இருந்து காட்டியவருக்கு ஒரு நாளைக்கு இருபது ரூபாய்! குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசின் இலவசப் பயிற்சி மையம் இருக்கிறது, அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பி வீட்டுக்குள் அடைந்துகொண்டவர்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். எத்தனை முறை எழுதப் போகிறோம் என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

எனக்கு உதவியவை எல்லாம் மிகச் சாதாரணமானவை. சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பகல் பாதி நேரம் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு ஏற்றுகிறேன். 'இதற்கா பி.காம். படித்தாய்?' என்று எதிர்வீட்டுப் பெரியம்மா கேட்டார். இதற்கேதான் படித்தேன். மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி வரிக் கணக்குத் தாக்கலுக்கு ஓடும்போது கற்றுக்கொண்டதை எந்தச் சான்றிதழ் வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதைவிட முக்கியம், காலையில் குளித்துவிட்டுக் கிளம்ப ஓர் இடம் இருக்கிறது. வேலை தேடுவது மட்டுமே வேலையாக இருந்த நாட்களில் திங்கட்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வித்தியாசம் தெரியாது.

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் நூலகத்தில் கூடுகிறோம். யார் நேர்காணலுக்குப் போய்வந்தாலும் கேட்ட கேள்விகளை அன்றே எழுதிவிட வேண்டும். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறோம். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஒரே ஜோடி கறுப்பு ஷூ எங்களில் மூன்று பையன்களின் காலில் மாறி மாறி நேர்காணலுக்குப் போய் வருகிறது. தனியாக இருந்தால் என்னால் இத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

வேலைக்கு முன்பணம் கேட்பவர்களிடமும், அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போ என்பவர்களிடமும் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். தொழிற்பழகுநர் பயிற்சியை அலட்சியம் செய்யாதீர்கள். 2019-இல் திருத்திய விதிகளிலேயே பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்துவிட்டார்கள். நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லைதான். ஓராண்டு அனுபவம் என்று எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கெடிகாரமும் ஓடுகிறது. "தை வரைக்கும் பார்ப்போம், இல்லையென்றால் வரன் பார்க்கலாம்" என்று அம்மா சொல்லும்போது அதில் மிரட்டல் இல்லை, பயம்தான் இருக்கிறது. அந்தப் பயத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. நான் கடையில் வாங்கும் சம்பளத்தில் பாதியை வீட்டில் கொடுக்கத் தொடங்கிய பிறகு தை பற்றிய பேச்சு சித்திரைக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

ஆள் எடுக்கும் நிறுவனங்களிடம் இரண்டே வேண்டுகோள். எடுக்கவில்லை என்றால் ஒரு வரியில் குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். அதற்குக் காசு ஆகாது. இரண்டாவது, 2021 பிப்ரவரியிலிருந்து விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. தெற்கே போகும் அதே ரயில் வடக்கேயும் வருகிறது. சர் தியாகராயா கல்லூரி என்று ஒரு நிலையமே இருக்கிறது. ஏதாவது ஒரு சனிக்கிழமை அங்கே இறங்கி, எங்கள் பக்கத்திலேயே ஒரு நேர்காணல் வையுங்கள். மேசை, நாற்காலி, டீ எல்லாவற்றுக்கும் நாங்கள் பொறுப்பு.