விலை சரிவதற்குள் மாற்றிவிட முடியுமா?

ஈதர் என்னும் கிரிப்டோ நாணயத்தின் விலை சரியத் தொடங்கியதும் அதை டாலருக்கு இணையான டெதர் நாணயமாக மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்கலாம் என்று அறிவுரை கூறுபவர்கள், அதை வேளச்சேரி ரயில் நிலைய நெரிசலில் நின்றபடி ஒருமுறையாவது செய்து பார்த்திருக்கிறார்களா? கிரிப்டோ வர்த்தகச் செயலியில் ‘கட்டணம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் மின்னுகிறது. ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியில் ஒரு மாநகரப் பேருந்தே திரும்பிவிடும். திரையில் காட்டும் விலை ஒன்று, உறுதி செய்தபின் கைக்கு வருவது வேறொன்று.

போதாக்குறைக்கு 2022 ஜூலை முதல், விற்கும்போதே பிடித்துக்கொள்ளும் 1 சதவீத வரியான டிடிஎஸ் வேறு. ரூபாயைக் கண்ணால்கூடக் காணாமல் ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் அது விற்பனைதானாம்! லாபத்தில் 30 சதவீதத்துக்கு உரிமையோடு வந்து நிற்கும் அரசு, நட்டத்தை வேறு லாபத்தில் கழித்துக்கொள்ளக்கூட விடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்ன நியாயம்?

செயலியை விட்டுவிட்டு, நாணயங்களை நாமே வைத்திருக்கும் சொந்த வாலட்டிலேயே மாற்றலாமென்றால், விலை சரியும் அதே நேரத்தில்தான் ஈதர் இயங்கும் எத்தீரியம் வலைப்பின்னலில் நெரிசல் கூடி, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்ட வேண்டிய ‘கேஸ்’ கட்டணமும் எகிறுகிறது; பரிமாற்றம் தோல்வியடைந்தாலும் அந்தக் கட்டணம் திரும்ப வருவதில்லை. டிரான் என்னும் வேறொரு வலைப்பின்னல் மலிவு என்று டெதரை அங்கே கொண்டுபோனால், அதை அங்கிருந்து நகர்த்த டிரானின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் வேண்டுமாம். அதை வாங்க இன்னொரு பரிமாற்றம், அதற்கும் ஒரு டிடிஎஸ்!