ஃபைல் மாறினால் கீபோர்டும் மாறக் கூடாதா?

ணைனலே.

இன்று நான் எழுதிய நிரல் இதுதான். பிரிண்ட் (print) என்று அடித்தேன், தமிழ்99 என்கிற தமிழ்க் கீபோர்டு அமைப்பு அதை ணைனலே ஆக்கிக் கொடுத்தது. இம்போர்ட் (import) என்று அடித்திருந்தால் னரண்டைஏ வந்திருக்கும்.

எடிட்டரில் இடப்பக்க டேபில் தமிழ்க் கட்டுரை, வலப்பக்க டேபில் பைத்தான் மொழி நிரல் ஃபைல். கட்டுரையில் ஒரு பத்தியை முடித்துவிட்டு அந்தப் பக்கம் தாவினேன். ணைனலே. அழித்தேன். மொழி மாற்றும் விசையை அழுத்தினால் ஆங்கிலத்துக்குப் போகாமல் ஒலிப்படி ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் பெறும் ஃபோனெட்டிக் கீபோர்டுக்குப் போய் நின்றது. மறுபடி அழுத்தினேன், ஆங்கிலம் வந்தது. சரி, ஒரு வரி எழுதியாயிற்று. கட்டுரைக்குத் திரும்பி, பக்கத்தில் இருந்த குறிப்பைப் பார்த்தபடியே மளமளவென்று அரைப் பக்கம் தட்டிவிட்டு நிமிர்ந்தால், அத்தனையும் ஆங்கில எழுத்தில் கொத்துப் பரோட்டா. ழ வரவேண்டிய இடத்திலெல்லாம் சாய்கோடு, ந வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. எல்லாவற்றையும் அழித்து, தமிழுக்கு மாற்றி, திரும்ப அடித்து, பெருமூச்சு விட்டு, பைத்தானுக்குப் போனேன்.

ணைனலே.

இந்த எடிட்டருக்கு ஞாபக சக்தி இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. என்றைக்கோ மூடிய ஃபைலில் கர்சர் எந்த வரியில் நின்றது என்று தெரியும். எந்த ஃபங்ஷனை மடித்து வைத்தேன் என்று தெரியும். ஃபைல் பெயரின் வாலைப் பார்த்தே பைத்தான் என்று கண்டுபிடித்து வண்ணம் அடிக்கத் தெரியும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழாகவே கிடக்கிற ஃபைலில் தமிழ் கீபோர்டு வேண்டும் என்பது மட்டும் தெரியாது!

விண்டோஸில் ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் தனி கீபோர்டு வைத்துக்கொள்ள ஒரு டிக் பெட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. என் இரண்டு ஃபைலும் இருப்பது ஒரே விண்டோவில் ஐயா.

இந்நேரம் ஈமாக்ஸ் என்கிற இன்னொரு எடிட்டரின் ரசிகர் ஒருவர் தொண்டையைச் செருமியிருப்பார். அங்கே ஒவ்வொரு பஃபருக்கும், அதாவது திறந்து வைத்த ஒவ்வொரு ஃபைலுக்கும், தனி உள்ளீட்டு முறை உண்டு. ஃபைலின் கடைசியில் சில வரிகள் எழுதி வைத்தால் திறந்ததுமே தமிழுக்கு மாறும். பொறாமையாகத்தான் இருக்கிறது. என்ன, மாறுவதற்கு முன் "இந்த வரிகள் ஆபத்தாக இருக்கலாம், ஓட்டட்டுமா?" என்று கேட்கும். மளிகைப் பட்டியலில் என்ன ஆபத்து, பெருங்காயமா?

விம் என்கிற எடிட்டரிலும் கீமேப் என்று ஒன்று உண்டு. எழுதும்போது தமிழ், கட்டளைக்கு ஆங்கிலம் என்று தானே பிரித்துக்கொள்ளும், நல்ல ஏற்பாடு. அதை விட்டுவிட்டு கணினியின் தமிழ்99ஐ வைத்துக்கொண்டு சேமித்து வெளியேறப் பார்த்தால் wq என்ற கட்டளை 'ஈஆ' என்று விழும். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று பதில் வரும். கட்டளையா அது? கதறினேன் சாமி.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் விண்டோவில் பாஸ்வேர்டு கேட்கும் கதையைத் தொடங்கினால் விடிந்துவிடும். அடிப்பது கண்ணுக்கும் தெரியாது, தமிழில் போகிறதா ஆங்கிலத்தில் போகிறதா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.