லேத்தில் வட்டம்தான் வரும்

போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது அக்காள் மகன் கைப்பேசியை நீட்டினான். ரோட்டரி எஞ்சின் ஓடுவதைக் காட்டும் படம். "மாமா, இரண்டு ரோட்டர், ஒரு ஷாஃப்ட். அசையும் பாகம் மொத்தமே மூன்றுதான். நீங்கள் காரைக்குடிப் பட்டறையில் முப்பது வருஷமாக மாரடிக்கும் வால்வு, கேம் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு எதுவும் இல்லை. பாகம் குறைந்தால் கோளாறும் குறையும்தானே?" என்றான். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பதிலை இங்கே எழுதுகிறேன்.

குறையாது, மருமகனே.

பிஸ்டன் எஞ்சினில் உருண்டையான துளை, அதற்குள் உருண்டையான ரிங். முழுச்சுற்றும் ஒட்டி உட்காரும். கொஞ்சம் தேய்ந்தாலும் ரிங் தன் விசையால் விரிந்துகொடுக்கும். மிஞ்சிக் கசிவது கீழே கிராங்க் கேஸ் என்னும் அடிப்பெட்டிக்குப் போகும். ரோட்டரியிலோ வயிறு உப்பிய முக்கோணம் ஒன்று, இடுப்பு ஒடுங்கிய கூட்டுக்குள் சுற்றுகிறது. மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் அடைக்க மெல்லிய தகடு போன்ற சீல். அதன் விளிம்பு மட்டுமே சுவரைத் தொடும். அந்தத் தொடுகோணமும் சுற்றச் சுற்ற மாறிக்கொண்டே இருக்கும். அது விட்டுக்கொடுத்தால் எரியும் வாயு அடுத்த அறைக்குள் புகுந்துவிடும்.

சூடு இன்னொரு தொல்லை. சிலிண்டரில் குளிர்ந்த கலவையும் நெருப்பும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வரும். ரோட்டரிக் கூட்டில் கலவை நுழையும் பக்கம் எப்போதும் குளிர்ச்சி, வெடிக்கும் பக்கம் எப்போதும் கொதிப்பு. ஒரு பக்கம் மட்டும் தீ எரிந்தால் பணியாரக் கல்லில் என்ன நடக்கும் என்று உன் அம்மாவைக் கேள். இங்கே கருகுவதற்குப் பதில் கூடு கோணும், சீல் தடுமாறும்.

இது நான் பட்டறையில் உட்கார்ந்து கற்பனை செய்தது இல்லை. ரோட்டரியை உருவாக்கிய ஃபெலிக்ஸ் வாங்கெலின் எஞ்சின் 1957-ல் ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியில் ஓடியது. பத்து வருஷம் கழித்து அவர்கள் கொண்டுவந்த ரோ 80, 1968-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கியது. சீல் தேய்ந்து, உத்தரவாதத்தில் எஞ்சின் மாற்றிக்கொடுத்தே கம்பெனி நொந்துபோனது. 1969-ல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போய்விட்டது. ஜப்பானில் மஸ்டாவுக்கும் இதே தலைவலி. கூட்டின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல் விழ, பேயின் நகக்கீறல் என்றே பெயர் வைத்தார்கள். மஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழு கரியும் அலுமினியமும் சேர்ந்த சீலைச் செய்து அதை அடக்கிய பிறகுதான் 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

அந்தச் சீல் காயாமல் இருக்க, எஞ்சினே கொஞ்சம் எண்ணெயை உள்ளே விட்டு எரிக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து வண்டியைத் திட்டுகிறவர்கள் உண்டு; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அளவுக்கம்பியை எடுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு இந்த எஞ்சின் ஆகாது. எரியும் அறை வேறு நீண்டு தட்டையாக இருப்பதால் மூலையில் உள்ள பெட்ரோல் எரியாமலே வெளியேறும். 1973-ல் கச்சா எண்ணெய் விலை ஏறியபோது இதற்கு விழுந்த அடி சாதாரணமானதா?

ஆனாலும் எனக்கு இதன்மேல் ஆசை உண்டு, மறைப்பானேன். மஸ்டாவின் ரோட்டரி வண்டியான ஆர்எக்ஸ்-8 காரின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றும்போது ரோட்டர் 3,000 சுற்றுதான் சுற்றும். ஷாஃப்ட் அதே 9,000 சுற்றில் ஓடினால் ஒரு பிஸ்டன் நிமிடத்துக்கு 18,000 முறை நின்று திரும்ப வேண்டும். நினைத்தாலே எனக்குக் கை உதறுகிறது. 1991-ல் நான்கு ரோட்டர் வைத்த மஸ்டா 787பி, லெ மான் பந்தயத்தில் 24 மணி நேரம் ஓடி முதலாவதாக வந்தது. ஆனால் அதற்குப் பீங்கான் சீல், பக்கத்திலேயே ஒரு படை மெக்கானிக்குகள். நமக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது என் பட்டறையில் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்த டீசல் பம்ப் செட் ஒன்று கிடக்கிறது. ஒருமுறை சிலிண்டர் துளையைக் கால் மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்தாயிற்று, இப்போது அரை மில்லிமீட்டர். ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் கடையில் கிடைக்கும். இரண்டு நாளில் தண்ணீர் இறைக்கும். ரோட்டரியின் கூட்டில் குரோம் பூச்சு உரிந்தால் நான் என்ன செய்ய? என்னிடம் உள்ள மெஷினில் வட்டம்தான் வரும், அந்த இடுப்பொடுங்கிய வளைவு வராது. புதுக்கூடு வாங்க வேண்டியதுதான். எஞ்சினின் ஆயுளை நான் இந்தக் கணக்கில்தான் பார்ப்பேன்.

2023-ல் மஸ்டா இதற்குப் பொருத்தமான வேலை கொடுத்தது என்பேன். மின்மோட்டாரில் ஓடும் எம்எக்ஸ்-30 காரில் 830 சிசி ஒற்றை ரோட்டர், சக்கரத்தைத் தொடாமல் ஜெனரேட்டரை மட்டும் சுழற்றுகிறது. இடம் கொஞ்சமே போதும்.

அதையெல்லாம் விட்டுவிட்டுப் பழைய ஆர்எக்ஸ்-8 தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால் வாங்கிக்கொள், மருமகனே. ஆனால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, ஷெட்டிலிருந்து வாசல்வரை கொண்டுவந்து உடனே அணைத்துவிடாதே. உள்ளே பெட்ரோல் தேங்கி மறுபடி கிளம்ப மறுக்கும். தள்ளுவதற்கு என்னைக் கூப்பிடாதே, எனக்கு முழங்கால் வலி.